ஓர் அரசாணையில் கலைகிற சபை

செட்டிநாட்டுப் பக்கம் ஒருவர் புள்ளியா இல்லையா என்பது லேசான விஷயம் இல்லை. நகரத்தார் வீட்டுப் பையனுக்குக் கல்யாணம் ஆனதும் கோவிலில் ஒரு புள்ளியாக ஏறுவான். அன்றிலிருந்து அவன் பெயரில் வரி உண்டு, பொது விஷயத்தில் பேச இடம் உண்டு. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கல்யாணம் ஆகாதவர் கணக்கில் வரமாட்டார். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோவில் பிரிவுகளுக்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை.

எங்கள் குடும்பம் நகரத்தார் இல்லை. ஆனால் என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கோவில் புள்ளிக் கணக்கைப் பெயர்த்து எழுதும் வேலையும் அவர் தலையில்தான் விழும். சிவப்புத் துணி ஒட்டிய அட்டை போட்ட நீள நோட்டு. இடது பக்கம் விலாசமும் பெயரும், வலது பக்கம் வரியும் நிலுவையும். ஆள் பினாங்கில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் சொந்த ஊர்ப் பக்கத்தில்தான் பெயர் இருக்கும். இறந்தவர் பெயரை அப்பா அடிக்கமாட்டார். எதிரே சின்னதாக ஒரு சுழி போடுவார், அவ்வளவுதான்.

அந்த நோட்டில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஊரை வளைத்து வீடு கட்டியவருக்கும் ஒரு புள்ளிதான், தொழில் நொடித்துத் தேக்குத் தூணை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தவருக்கும் ஒரு புள்ளிதான். காசு இருக்கிறது என்று இரண்டு புள்ளி கேட்க முடியாது. அதே நோட்டில், வீட்டையே தாங்கிப் பிடித்த ஆச்சிமார் யாரும் தனிப்புள்ளி இல்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து அதை எழுதிய என் அப்பாவும் இல்லை. அவர் இல்லாததில் தப்பு ஒன்றும் கிடையாது. அது அவர்கள் கோவில், அவர்கள் கணக்கு. ஆனால் ஒரு நாட்டுக்கே இப்படிக் கணக்கு எடுத்தால் என்ன ஆகும்?

அப்படியும் எடுத்திருக்கிறார்கள். 1919 சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு வந்த சென்னை சட்டசபையில் வணிக அமைப்புகளுக்கென்று தனி இடங்கள் ஒதுக்கினார்கள். அதில் ஒன்று நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கு. பொதுத் தொகுதியில் ஓட்டுப் போட வேண்டும் என்றால் சொத்து இருக்க வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும். ஆக, கொண்டுவிற்கிற செட்டியாருக்குச் சட்டசபையில் தன் சங்கத்தின் குரல் தனியாக இருந்தது. அவர் நிலத்தில் நாற்று நட்டவருக்கு ஓட்டே கிடையாது. 1935 சட்டம் ஓட்டுரிமையைக் கொஞ்சம் விரித்தது. அப்போதும் பெரும்பாலான ஜனங்கள் வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர்கள்தான்.

இதை நம் அரசியலமைப்பின் இரண்டு ஷரத்துகள் ஒரே வீச்சில் துடைத்தன. 325: ஒரு தொகுதிக்கு ஒரே பொது வாக்காளர் பட்டியல்தான், மதம் இனம் சாதி பால் என்று சொல்லி யாரையும் விடக் கூடாது. 326: வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. 1951-52 முதல் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கும் மேலானவர்கள் பட்டியலில் இருந்தார்கள். பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அப்பாவின் நோட்டை நினைத்தால் எனக்கு அந்தப் பட்டியலின் தைரியம் புரிகிறது. என் அப்பத்தாவும் அதில் முழுப்புள்ளி.

உத்திரமேரூர்க் குடவோலையை ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பீர்கள். நம் ஊரில் மக்களாட்சி பற்றி மேடை ஏறுகிற எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, அருமையான ஆவணம்தான். ஆனால் அதில் நிற்பதற்குச் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவனையும் அவன் சொந்தக்காரனையும் நிற்க விடாத விதியை மட்டும் இன்றைக்கும் கடன் வாங்கலாம். மற்றபடி அதுவும் ஒரு புள்ளிக் கணக்குதான்.

நான் காரைக்குடியில் போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு அரசியலமைப்பு நடத்துகிறேன். பாடப்புத்தகம் மக்களாட்சியை இரண்டாகப் பிரிக்கும், நேரடி, மறைமுகம் என்று. நேரடிக்குக் கீழே பொதுவாக்கெடுப்பு, மக்களே சட்டத்தை முன்மொழிவது, திரும்ப அழைப்பது என்று வரும். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். இவற்றில் எதுவும் இந்திய அரசியலமைப்பில் இல்லை என்று சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார்கள். சட்டமன்ற உறுப்பினரைத் திரும்ப அழைக்க முடியாது. ஒரு சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று நாடு தழுவி நம்மிடம் கேட்டதும் இல்லை. ஜூனாகத், சிக்கிம், கோவா என்று சில இடங்களில் வாக்கெடுப்பு நடந்தது உண்மை. அவை ஒரு நிலப்பகுதி யாரோடு சேர்வது, எப்படி இருப்பது என்ற கேள்விக்காக நடந்தவை. புதுச்சேரியில் அதுகூட இல்லை. 1954 அக்டோபரில் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். ஜனங்களிடம் நேரே கேட்கவில்லை.

ஏன் இப்படி? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதில் இதற்கு விடை இருக்கிறது. கிராமத்தை அலகாக வைத்து அரசியலமைப்பை எழுத வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் காரமானது. குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கிற இடம்தானே கிராமம் என்று கேட்டார். நம் மண் அடிப்படையில் ஜனநாயக மண் இல்லை, ஜனநாயகம் மேலே தூவிய உரம்தான் என்றும் அதே பேச்சில் சொன்னார். இதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. அதே மாதம் 22-ஆம் தேதி சென்னை மாகாணத்துக்காரர் கே. சந்தானம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: அரசு கிராம ஊராட்சிகளை அமைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று. அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். அதுதான் 40-ஆவது ஷரத்து. ஆனால் அதை வைத்த இடம் வழிகாட்டு நெறிகளில். நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்க முடியாத பகுதி.

அம்பேத்கர் சொன்னது கசப்பாக இருக்கலாம். தேவகோட்டை பக்கத்தில் இருக்கிற கண்டதேவியைத் தெரிந்தவர்கள் அதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டார்கள். சொர்ணமூர்த்தீஸ்வரர் கோவில் தேரை இழுப்பதில் நான்கு நாட்டாருக்கு உரிமை. நாடு என்றால் இங்கே பல ஊர் சேர்ந்த ஒரு பிரிவு. நாடு கூடிப் பேசும், நாடு முடிவு செய்யும். கூடுகிறார்கள், பேசுகிறார்கள், ஒருமனதாக முடிவெடுக்கிறார்கள். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு நேரடி மக்களாட்சி மாதிரியே இருக்கும். வடத்தைத் தொட தலித் மக்களுக்கும் உரிமை வேண்டும் என்ற கேள்வி வந்தபோதுதான், அந்தக் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் உட்காரவில்லை என்பது தெரிந்தது. மோதல், வழக்கு, நீதிமன்ற உத்தரவு, போலீஸ் காவல் என்று போய், பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற தேர் 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது.

நம் ஊர் மட்டும்தான் இப்படி என்று தலையில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். சுவிட்சர்லாந்தில் அப்பென்செல் இன்னர்ரோடன் என்று ஒரு மாநிலம். வருஷம் ஒருமுறை ஏப்ரல் கடைசி ஞாயிறு மைதானத்தில் எல்லோரும் கூடிக் கையைத் தூக்கி வாக்களிப்பார்கள். நேரடி மக்களாட்சிக்கு உலகம் முழுக்கப் படம் போட்டுக் காட்டுகிற இடம். ஆண்கள் இடுப்பில் வாள் கட்டிக்கொண்டு வருவார்கள், அதுதான் அவர்கள் வாக்குச்சீட்டு. அந்தக் கூட்டம் பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று திரும்பத் திரும்பக் கையைத் தூக்கியது. 1990 ஏப்ரலில்கூட. அதே ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டு, பெண்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றது. என் அப்பத்தா ஓட்டுப் போட்டு ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து!

சரி, எண்ணிக்கையில் எல்லோரையும் சேர்க்கும் காரியத்தை நம் அரசியலமைப்பு முதல் நாளே முடித்துவிட்டது. அப்படிச் சேர்த்தவர்களின் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று கேட்டால்தான் தொல்லை.

24 ஏப்ரல் 1973. கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, ஏழுக்கு ஆறு என்று தீர்ப்புச் சொன்னார்கள். நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பைத் தொட முடியாது. மக்களாட்சி அந்தக் கட்டமைப்பில் ஒன்று. இரண்டே வருஷத்தில் இதற்குச் சோதனை வந்தது. அலகாபாத் உயர்நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தலைச் செல்லாது என்றது. உடனே 39-ஆவது திருத்தம் வந்தது, பிரதமர் தேர்தலை நீதிமன்றம் கேட்க முடியாதபடி. உச்ச நீதிமன்றம் 1975 நவம்பர் 7 அன்று அந்தப் பகுதியை அடித்தது. நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த சமயம். வழக்கில் ஜெயித்தது இந்திரா காந்திதான், ஆனாலும் அந்தத் திருத்தம் நிற்கவில்லை. ஆக, பிரதிநிதிகள் வழியாக நடக்கிற மக்களாட்சியை மூன்றில் இரண்டு பங்கு பலம் இருந்தாலும் நாடாளுமன்றம் ஒழித்துவிட முடியாது.

அப்புறம் சரியாக 20 வருஷம். 24 ஏப்ரல் 1993. 73-ஆவது திருத்தம் அமலுக்கு வந்தது. தேதி தற்செயலாக ஒத்துப்போனதுதான், ஆனால் வகுப்பில் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. கிராம சபை என்ற பெயர் முதல் தடவையாக அரசியலமைப்புக்குள் வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அதில் உறுப்பினர். யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், நியமிக்க வேண்டாம். நம் அரசியலமைப்பு முழுவதிலும் பிரதிநிதி இல்லாமல் நீங்களே நேராக உட்காரக்கூடிய ஒரே நாற்காலி அது. ஆனால் அந்தச் சபையின் அதிகாரம் என்ன? 243-ஏ ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது: மாநிலச் சட்டமன்றம் கொடுக்கிற அதிகாரங்களைக் கிராம சபை செலுத்தலாம். கொடுக்கிற அதிகாரங்களை. கொடுக்காவிட்டால்? அதற்குப் பதில் இல்லை.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் சபை கூடும். குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊராட்சி ஒன்றுக்குப் போவது வழக்கம். சமுதாயக் கூடத்து வாசலில் ஷாமியானா, வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலி. முன்வரிசையில் முக்கால்வாசி நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள். பற்றாளர் என்று ஓர் அதிகாரி மூலையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊராட்சிச் செயலர் வரவு செலவை ஒரே மூச்சில் வாசிப்பார். மின்கட்டணம், குளோரின் பவுடர், தெருவிளக்கு பல்பு. யாருக்கும் காதில் விழாது.

ஊரணி என்று வந்ததும் கூட்டம் முழித்துக்கொள்ளும். எங்கள் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. மழைத்தண்ணீரை வரத்துக்கால் வழியாக ஊரணிக்குக் கொண்டுவந்து ஆண்டு முழுக்க ஓட்டிய ஊர்கள் இவை. அந்த ஊராட்சியில் வரத்துக்காலை மறித்து யாரோ காம்பவுண்டுச் சுவர் எழுப்பிவிட்டார்கள். ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டாயிற்று. அடுத்த சபையிலும் போட்டாயிற்று. அதற்கு அடுத்ததில் செயலர் வாசிக்க ஆரம்பித்ததும் ஓர் ஆச்சி எழுந்தார்.

"ஏம்ப்பா, போன தடவையும் இதைத்தானே எழுதுனிய?"

"ஆமா ஆச்சி. மேலிடத்துக்கு அனுப்பியிருக்கு."

"மேலிடத்துல யாரு இருக்கா? எங்களுக்கு மேல?"

எல்லோரும் சிரித்தார்கள். செயலரும் சிரித்தார். ஆச்சி சிரிக்கவில்லை. தீர்மானப் புத்தகம் கைக்குக் கை மாறி வந்தது. கையெழுத்துப் போடச் சொன்ன பக்கத்தில் மேலே தேதி இருந்தது, கீழே கட்டம் இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வார்களாம். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்ல?

சபையின் சொல் கட்டுப்படுத்தும் இடமும் இந்தியாவில் இருக்கிறது. ஒடிஷாவில் நியாம்கிரி மலையில் பாக்சைட் தோண்டுவது பற்றிய வழக்கில், 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்றது. 12 கிராமங்களில் சபை கூடியது. டோங்ரியா கோண்ட் மக்கள் ஒவ்வொரு ஊராக எழுந்து மலை எங்கள் தெய்வம் என்றார்கள். 12 ஊரும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் 1996-இன் பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டமும் 2006-இன் வன உரிமைச் சட்டமும் இருந்தன. அந்த முதல் சட்டம், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கானது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு அடிகூடக் கிடையாது. அதனால் அது நமக்குப் பொருந்தாது.

எங்களுக்குப் பக்கத்தில் நடந்தது அரிட்டாபட்டி. திருப்பத்தூர் வழியாகப் போனால் மேலூர் அப்படியொன்றும் தூரம் இல்லை. 2024 நவம்பரில் அங்கே டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி கூடிய கிராம சபைகளில் வரிசையாக எதிர்த்துத் தீர்மானம். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம். ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்கு ஜனங்கள் நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஜெயித்தார்கள், சந்தோஷம். ஆனால் சட்டப்படி பார்த்தால் கிராம சபைத் தீர்மானமும் ஒன்றிய அரசைக் கட்டுப்படுத்தாது, சட்டமன்றத் தீர்மானமும் கட்டுப்படுத்தாது. ஏலத்தை நிறுத்தியது எந்த ஷரத்து என்று என் வகுப்பில் யாராவது கேட்டால் என்னிடம் விடை இல்லை. நெடுஞ்சாலையில் நடந்த கால்கள் என்று தேர்வில் எழுத முடியாதே.

இனி எங்கள் ஊர்க் கதை. 1928 முதல் நகராட்சியாக இருந்த காரைக்குடி, 2024-இல் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு சங்கராபுரம், அரியக்குடி, கோவிலூர் மாதிரி ஊராட்சிகளும் உள்ளே வந்தன. சங்கராபுரத்தை எல்லோருக்கும் தெரியும். 2020 ஜனவரியில் அந்த ஊராட்சித் தலைவர் தேர்தலில் இரண்டு பேருக்கு வெற்றிச் சான்றிதழ் கிடைத்து, வழக்காகி நீண்டது. அந்த நாற்காலிக்கு அவ்வளவு போட்டி. இப்போது நாற்காலியும் இல்லை, அதன் எதிரே உட்கார்ந்த சபையும் இல்லை.

மாநகராட்சி ஆனதில் சந்தோஷப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். மனை விலை ஏறும், பாதாளச் சாக்கடை வரும், லெட்டர்பேடில் மாநகராட்சி என்று போட்டுக்கொள்ளலாம். வரி ஏறும் என்று புலம்புகிறவர்களும், நூறு நாள் வேலை போய்விட்டது என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றவர்களும் உண்டு. கிராம சபை போய்விட்டதே என்று கவலைப்பட்டது எனக்குத் தெரிந்து என் வகுப்பில் ஒரு பெண் மட்டும்தான். இணைத்த ஊர் ஒன்றைச் சேர்ந்தவள்.

"சார், அப்ப எங்க ஊர்ல மே ஒண்ணாம் தேதி கூட்டம் இனிமே கிடையாதா?"

"கிடையாதும்மா."

"யார் சார் முடிவு பண்ணா?"

"அரசு. ஆட்சேபணை இருந்தா எழுதித் தரலாம்னு அவகாசம் குடுப்பாங்க."

"ஓட்டு எடுக்க மாட்டாங்களா?"

எடுக்கமாட்டார்கள். ஓர் ஊராட்சியைக் கலைத்து நகரத்தோடு சேர்க்க அந்த ஊராட்சியின் கிராம சபை சம்மதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சபை கூடி வேண்டாம் என்று தீர்மானம் போட்டால், அதுவும் வந்து சேர்ந்த மனுக்களில் ஒரு மனு. இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு வகை மக்களாட்சியை நாடாளுமன்றமே நினைத்தாலும் தொட முடியாது, அதற்குக் காவலாக 13 நீதிபதிகளின் தீர்ப்பு நிற்கிறது. இன்னொரு வகையைக் கலைக்க ஓர் அரசாணை போதும்.

நகரத்தில் அதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்றும் பார்க்கத்தான் செய்தோம். 243-எஸ் ஷரத்தில் வார்டு குழுக்கள் உண்டு. ஆனால் மூன்று லட்சம் பேரோ அதற்கு மேலோ இருக்கிற நகரத்துக்குத்தான் அது கட்டாயம். 2011 கணக்கெடுப்பில் காரைக்குடி நகராட்சிக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். அப்படியானால் அரசியலமைப்பின்படி எங்களுக்கு ஒன்றும் கட்டாயம் இல்லை. மாநில அரசு தன் விதிகளில் பகுதி சபை என்று ஒன்றைக் கொண்டுவந்து, 2022 நவம்பர் 1 அன்று பல நகரங்களில் முதல் கூட்டம் நடத்தியது. நல்ல தொடக்கம், மறுக்கவில்லை. ஆனால் விதியில் வந்தது விதியோடு போகும். கிராம சபைக்கு அரசியலமைப்பில் பெயராவது இருக்கிறது.

இணையாத ஊராட்சிகளின் நிலைமையும் பெருமைப்படும்படி இல்லை. சிவகங்கை உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். ஐந்து ஆண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று 243-இ சொல்கிறது. 2016-இல் முடிந்ததற்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. சட்டமன்றத் தேர்தலை இப்படி மூன்று வருஷம் தள்ளிப்போட்டால் நாடு சும்மா இருக்குமா?

இதைச் சரிசெய்ய அரசியலமைப்புத் திருத்தம்கூடத் தேவையில்லை. அதிகாரம் கொடுப்பது மாநிலச் சட்டமன்றம்தான் என்று 243-ஏ சொல்கிறது அல்லவா, அந்தச் சாவி சென்னையிலேயே இருக்கிறது. 1994 ஊராட்சிகள் சட்டத்தில் இரண்டு மாற்றம் போதும். ஊராட்சியைக் கலைப்பதற்கு அதன் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும். ஊரணி, வரத்துக்கால், மேய்ச்சல் நிலம் மாதிரி ஊர்ப் பொது விஷயங்களில் சபை தீர்மானம் போட்டால், அதிகாரி குறித்த நாளுக்குள் செய்ய வேண்டும், அல்லது ஏன் செய்யவில்லை என்று அடுத்த சபையில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். கண்டதேவியை மறந்துவிட்டுச் சொல்லவில்லை. யாருடைய அடிப்படை உரிமையையும் பறிக்கிற தீர்மானம் செல்லாது என்ற வரி கூடவே இருக்கட்டும். அதற்கு நீதிமன்றம் இருக்கிறது.

அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இந்த இரண்டையும் கேட்கலாம் என்று அந்தப் பெண்ணும் நானும் பேசி வைத்திருக்கிறோம். போன தடவை வந்தவரிடம் ஊரணியைப் பற்றிக் கேட்டேன். "அது உள்ளாட்சி விஷயம்ணே, நம்ம கையில இல்ல" என்று கும்பிட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.